நிறுத்திவைத்த ஒளி



இன்று பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். நம் வெள்ளாற்றைக் கடந்து தெற்கே போனால் வரும் திருச்சிச் சீமையில் பிறந்த சர் சி.வி. இராமன், 1928ஆம் ஆண்டு இதே நாளில்தான் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறலைக் கண்டறிந்தார். பொருளின் மீது படும் ஒளியில் ஒரு சிறு பகுதி, தன் ஆற்றலில் ஒரு பங்கை அதனிடம் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியேறும் என்று காட்டினார். ஒளிக்கும் பொருளுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு! அந்தக் கொடுக்கல் வாங்கல் இன்று எதுவரை வந்திருக்கிறது தெரியுமா? ஓடுகிற ஒளியை நிறுத்திவைக்கிறார்கள். வேண்டும்போது திரும்ப ஓடவிடுகிறார்கள்.

வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். கண்ணாடிக்குள் 2 லட்சம். 1999இல் அமெரிக்காவில் லேனே ஹாவ் என்ற டென்மார்க்கில் பிறந்த அம்மையார், சோடியம் அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்து, அந்த அணுக்கூட்டத்துக்குள் ஒளியை நொடிக்கு 17 மீட்டராக்கினார். ஏறத்தாழ 1.8 கோடி மடங்கு மெதுவாக! அந்தக் குளிரில் அணுக்கள் தனித்தனி என்ற நிலையே மறந்து ஒன்றாகிவிடும் நிலைக்குப் பெயர் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருள். டாக்காவில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த சத்யேந்திரநாத் போஸ் 1924இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையில்தான் அதற்கு விதை விழுந்தது.

பிளஸ் டூ மாணவர்களே, இதைக் கவனியுங்கள். நிறமாலைமானிச் சோதனையில் நீங்கள் ஏற்றுகிற மஞ்சள் விளக்கு சோடியம் விளக்கு. அந்த அம்மையார் கையாண்டதும் அதே மஞ்சள்தான். முப்பட்டகம் ஏன் நிறங்களைப் பிரிக்கிறது? ஒளிவிலகல் எண் நிறத்துக்கு நிறம் சற்றே மாறுவதால். குளிர்ந்த சோடியம் தன் மஞ்சளை அப்படியே விழுங்கிவிடும். ஏறத்தாழ அதே மஞ்சளில் இன்னொரு லேசரைக் கூடவே பாய்ச்சினால், மிகக் குறுகிய நிறப்பட்டையில் மட்டும் வழி திறக்கிறது. அந்தப் பட்டைக்குள் ஒளிவிலகல் எண் செங்குத்தாக ஏறுகிறது. ஒளியை மெதுவாக்குவது அந்த ஏற்றம்தான். கிலோமீட்டர் கணக்கில் நீண்டு வந்த ஒளித்துடிப்பு ஒரு மில்லிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது.

2001இல் ஹாவ் குழுவினர் அடுத்த அடி வைத்தார்கள். துடிப்பு முழுவதும் உள்ளே வந்ததும் அந்த இரண்டாவது லேசரை அணைத்தார்கள். நம் வெலிங்டன் ஏரியில் தண்ணீர் வந்து சேர்ந்ததும் மதகை அடைப்பதைப் போல. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஏரியில் கிடப்பது ஆற்றில் வந்த அதே தண்ணீர். இங்கே, மதகை மூடியதுமே ஒளி இல்லாமற் போகிறது! அதன் வடிவம் மட்டும் அணுக்களின் உள்நிலையில் பதிந்து கிடக்கிறது. லேசரை மறுபடி ஏற்றினால், அதே வடிவில், அதே திசையில் ஒளி எழுந்து நடக்கிறது. அணுக்கள் சூடேறி ஓடித் திரிந்தால் அந்தப் பதிவு கலைந்துவிடும். அதனால்தான் அத்தனை குளிர். 2009இல் ஒன்றரை நொடி வரை காத்தார்கள். ஒன்றரை நொடி அற்பமா? வெளியே விட்டிருந்தால் அந்த ஒளி நிலாவைத் தாண்டியிருக்கும்!

எதற்கு இந்தப் பாடு? ஒளியின் ஒற்றைத் துகளான ஃபோட்டானில் ரகசியத்தை ஏற்றி அனுப்பினால், இடையில் ஒட்டுக்கேட்பவர் பிடிபட்டுவிடுவார். ஆனால் கண்ணாடி இழையில் 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இங்கிருந்து சென்னைக்கு 250 கிலோமீட்டர் இழை போட்டால், லட்சம் ஃபோட்டானில் ஒன்றுதான் போய்ச் சேரும். சாதாரண இணையத்தில் வழிநெடுக ஒளியைப் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒற்றை ஃபோட்டான் சுமக்கும் குவாண்டம் நிலையை நகலெடுக்க இயற்கையே இடம் தருவதில்லை. ஆகவே இடைநிலையங்கள் வேண்டும். ஒரு பக்க இணைப்பு கைகூடியதும், மறுபக்கம் கைகூடும் வரை அதைக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் குவாண்டம் நினைவகம்.

இது யாரோ, எங்கோ செய்கிற வேலை என்று எண்ணாதீர்கள். 2023இல் ஒன்றிய அரசு 6,003 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தின் இலக்குகளில், குவாண்டம் நினைவகங்கள் கொண்ட வலையமைப்பும் ஒன்று. அதன் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. அங்கே போய் உட்கார வேண்டிய பிள்ளைகள் இங்கே என் முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தலைமையாசிரியர்களிடமும் பெற்றோரிடமும் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். நிறமாலைமானியைச் செய்முறைத் தேர்வு நெருங்கும்போது மட்டும் அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள். வாரத்தில் ஒருநாள் ஆய்வக இருட்டறை திறந்திருக்கட்டும். ஒன்பதாம் வகுப்புக் குழந்தையும் வந்து அந்த மஞ்சள் கோட்டைத் தன் கண்ணால் பார்க்கட்டும். மாலையில் வைத்தால் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பேருந்து தவறிவிடும். சனிக்கிழமை காலையில் வையுங்கள். சோடியம் விளக்கு பழுதாகிக் கிடக்கிறதா? ஊரார் சேர்ந்து வாங்குவோம், என் பங்கை இன்றே இந்த மேடையில் தந்துவிட்டுப் போகிறேன்.