நம் முன்னோர் எவ்வூரினர்?



மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தாரிடம் பூர்வீகம் எதுவென்று வினவினால், ஓர் ஊர்ப் பெயர் விடையாகக் கிடைக்கும். அவ்வூரை விட்டு முதலில் புறப்பட்டவர் யார், எந்த ஆண்டில், உடன் வந்தோர் எவர் என்று மேலும் வினவினால், அனைவரும் வீட்டின் மூத்தவரை நோக்கித் திரும்புவர். அவர் மறைந்த பின்னர் யாரை நோக்கித் திரும்புவது? ஏடுகளை நோக்கித் திரும்பலாமா என்பதையே இன்று நாம் ஆராய எண்ணுகின்றோம்.

பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டை முதலில் பார்ப்போம். கோயில்தோறும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்குமாறு 1538-ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. 1841 முதல் குடிமதிப்பு ஏடுகளில் வீட்டிலிருந்தோர் பெயரும் வயதும் தொழிலும் எழுதப்பட்டன. நூறாண்டு கழிந்ததும் அவ்வேடுகள் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன; 1921-ஆம் ஆண்டின் ஏடுகள் 2022-இல் வெளிவந்தன. இவ்வளவு வசதி இருந்தும் வேல்ஸ் மக்களுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பழங்காலத்தில் அவர்களிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயருக்கு முன் 'மகன்' எனப் பொருள்படும் 'ஆப்' என்னும் சொல்லைச் சேர்த்துத் தம் பெயருடன் வழங்கினர். ஆப் ரிஸ் என்பது பிரைஸ் என்றும், ஆப் ஹவல் என்பது பவல் என்றும் திரிந்து நிலைத்தது பிற்காலத்திலேதான். அதற்கு முன் தலைமுறைதோறும் பெயர் மாறியது.

இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. தந்தையின் முதலெழுத்தைச் சுமக்கிறோம். நம் மக்கள் நம்முடைய எழுத்தைச் சுமப்பர். பாட்டனாரின் பெயர் பேரனின் பெயரில் இராது. எனினும் வேல்ஸ் நாட்டாருக்கு வாய்க்காத ஒரு நன்மை நம்மில் சிலருக்கு உண்டு. முதலெழுத்துகள் இரண்டாக இருப்பின், முன்னது பல குடும்பங்களில் ஊரைக் குறிக்கும். மைசூர் யாதவகிரியில் வீடு கட்டி வாழ்ந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயணனை எடுத்துக்கொள்வோம். 'கே' என்பது மைசூரில் தலைமையாசிரியராக விளங்கிய தந்தையார் கிருஷ்ணசாமி. 'ஆர்' என்பது இராசிபுரம். நாராயணன் 1906-இல் பிறந்ததோ சென்னையில். உலகம் அவரை அறிந்ததோ மைசூர்க்காரராக. குடும்பம் விட்டு வந்த ஊர் அந்த ஓரெழுத்தில் தங்கிவிட்டது. இன்று கடவுச்சீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் பெயரை விரித்தெழுதுமாறு கேட்கும்போது, பலரும் முதலில் கழித்துவிடுவது அந்த ஊரெழுத்தைத்தான். இது பெரும் இழப்பு என்பது நம் கருத்து.

நம் நாட்டுக் குடிமதிப்பு உதவாதா எனில், பெயரைத் தேடுவோர்க்கு உதவாது. மைசூர் சமஸ்தானத்தில் 1871-இலும் 1881-இலும் பின்னரும் கணக்கெடுத்தனர். அச்சிட்ட அறிக்கைகள் உள்ளன; வீட்டுவாரியாகப் பெயர் எழுதிய படிவங்களோ வேல்ஸில் போல் பேணப்படவில்லை. 1948-ஆம் ஆண்டின் சட்டமும் அத்தகைய குறிப்புகளைப் பிறர் பார்வையிடத் தடை விதிக்கிறது. ஆயினும் அறிக்கையின் எண்கள் ஒன்றை உணர்த்துகின்றன. 1871-இல் சமஸ்தானத்தின் மக்கள் தொகை 50 இலட்சத்துக்கு மேல். 1881-இல் ஏறத்தாழ 42 இலட்சம். இடையில் நேர்ந்தது 1876 முதல் 1878 வரையிலான கொடும் பஞ்சம். தமிழகத்தையும் அது விட்டுவைக்கவில்லை. நம் வம்சக் கதைகள் பல அக்காலத்துக்கு அப்பால் செல்லாது நின்றுவிடுவதில் வியப்பில்லை. சொல்ல வேண்டியவரே பஞ்சத்தில் மாண்டிருக்கலாம்.

கத்தோலிக்கக் குடும்பத்தினர் இவ்வகையில் பேறு பெற்றவர். மைசூர் மறைமாவட்டம் 1886-இல் அமைந்தது. பெங்களூர் அதனின்று 1940-இல் பிரிந்தது. பங்குக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டில் குழந்தையின் பெயரோடு தந்தை பெயரும் தாய் பெயரும் இருக்கும். ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்களும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் உறவினரே. நம் முதலெழுத்து மறந்துவிடும் தாயை இவ்வேடு மறப்பதில்லை. தேடுவோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். பழைய குறிப்புகளை இலத்தீனில் எழுதும் வழக்கம் இருந்தது. வீட்டில் இராயப்பன் என்றழைக்கப்பட்டவர் ஏட்டில் பேத்ருஸ் என்றிருக்கலாம். சின்னப்பன் பவுலுஸ் ஆகவும், அருளப்பன் யோவான்னெஸ் ஆகவும், சூசை யோசேபுஸ் ஆகவும் காணப்படலாம். இதனை அறியாதவர், பாட்டனார் பெயரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே இல்லையென்று ஏட்டை மூடிவிடுவர்.

ஏனையோருக்கு எழுத்தைவிட வாய்மொழியே ஏடு. அமாவாசைத் தர்ப்பணம் செய்யும் வீடுகளில் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் ஆகிய மூவர் பெயரும், தாய்வழி மூவர் பெயரும் சொல்லப்படுகின்றன. புதிதாக ஒருவர் சேர்ந்தால் பழையவர் ஒருவர் வரிசையினின்று விலகுவார். விலகியவரை எவரும் எழுதி வைப்பதில்லை. பள்ளிச் சேர்க்கை ஏடு, நிலப் பத்திரம், திருமண அழைப்பிதழ் முதலியனவும் துணை செய்யும்; அவற்றை விரித்துரைக்க நேரமில்லை.

ஆனால் குலதெய்வத்தைச் சொல்லாமல் விடலாகாது. எத்தனை தலைமுறை மைசூரில் வாழ்ந்தாலும், முடியிறக்கவும் காது குத்தவும் நாம் செல்லுமிடம் பழைய ஊரின் அக்கோயில்தான். பல ஊர்களில் திருவிழாவுக்குப் பங்காளிகளிடம் தலைக்கட்டு வரி வாங்குவர். இன்னார் குடும்பம், இத்தனை தலைக்கட்டு என்று நோட்டுப் புத்தகத்தில் குறிப்பர். நம் பங்குக் கோயில் ஏடு அதுவே எனலாம். அடுத்த முறை செல்லும்போது வரி செலுத்தியதோடு திரும்பிவிடாமல், பழைய நோட்டுப் புத்தகங்கள் உள்ளனவா என்று பூசாரியையும் ஊர்ப் பெரியவரையும் பணிவுடன் கேளுங்கள். முன்னர் யார் பெயரில் வரி வரவு வைக்கப்பட்டது என்று பாருங்கள். உடன் செல்லும் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதெனில், அப்பெயர்களை அங்கேயே உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் அறிந்த எழுத்தில் அவர்கள் கையாலேயே எழுதிக்கொள்ளச் செய்யுங்கள்.