அளக்காததையும் கேளுங்கள்



வேளாண்மை, மண்ணியல், சுற்றுச்சூழல் பொறியியல் ஆகிய துறைகளில் படித்துத் தேறி இன்று பட்டம் பெறும் உங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். இன்னும் சிறிது காலத்தில் உங்களில் பலர் கையெழுத்துப் போடும் நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். மண் பரிசோதனை அறிக்கை, உரத்துக்கான தரச்சான்று, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மாதாந்திர அறிக்கை என்று பலவும் உங்கள் மேசைக்கு வரும். நீங்கள் போடும் கையெழுத்தை நம்பி யாரோ ஓர் உழவர் தன் நிலத்தில் ஒரு பொருளைக் கொட்டுவார். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதற்கு அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்து உழவர்களின் அனுபவத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

1938-ல் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலர் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு வாயு உருளையைத் திறந்தபோது வாயு வரவில்லை. ஆனால் உருளையின் எடை குறையவில்லை. அறுத்துப் பார்த்தார். உள்ளே வழுவழுப்பான வெள்ளைப் பொடி இருந்தது. அதுதான் பின்னாளில் டெஃப்லான் ஆனது. கரிமமும் ஃபுளோரினும் பிணைந்த சேர்மங்கள் அதன்பின் ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றைச் சேர்த்து இன்று பி.எஃப்.ஏ.எஸ். என்கிறார்கள். கரிம வேதியியலில் மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று கரிம-ஃபுளோரின் பிணைப்பு. எனவே இவை வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் அசைவதில்லை. இவற்றில் பல, நீரையும் எண்ணெயையும் ஒருசேர விலக்கித் தள்ளும். ஒட்டாத வாணலி, கறை பிடிக்காத தரைவிரிப்பு, எண்ணெய் ஊறாத பொட்டலத் தாள், எரிபொருள் தீயை அணைக்கும் நுரை, குரோம் முலாம் பூசும் தொட்டி என்று எங்கும் நுழைந்ததற்குக் காரணம் இந்தக் குணம்தான். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் அந்தப் பிணைப்பை முறிக்க முடியாததால், போன இடத்தில் அப்படியே தங்கிவிடுகின்றன.

ஆலையிலும் வீட்டிலும் கழுவி ஊற்றிய தண்ணீரோடு இவை சாக்கடைக்குப் போயின. சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. அங்கே பாக்டீரியாக்கள் மலத்தையும் மாவையும் கொழுப்பையும் தின்று தீர்க்கும், இவற்றின் கரிம-ஃபுளோரின் பிணைப்பைத் தொடாது. ஒரு பகுதி சுத்திகரித்த நீரோடு ஆற்றில் கலந்தது. மறுபகுதி அடியில் தங்கும் கசடில் சேர்ந்தது. சில சேர்மங்கள் நிலையத்துக்குள்ளேயே பாதி சிதைந்து பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். என்ற அழியாத வடிவங்களாக மாறும். உள்ளே வந்ததைவிட வெளியே போவது அதிகமாக இருப்பதும் உண்டு.

அந்தக் கசடை என்ன செய்வது? அமெரிக்க நகரங்கள் சில அதைக் கடலில் கொட்டிவந்தன. 1988-ல் வந்த சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய உண்டு. பதப்படுத்தி வயலில் இட்டால் நகரத்தின் கழிவு தீரும், உழவருக்கு உரச்செலவு மிச்சமாகும், மண்ணுக்கும் வளம் சேரும். இந்த எண்ணத்தில் தவறு காண முடியாது. 1993-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கு விதிகள் வகுத்தது. நோய்க்கிருமிகளுக்கு வரம்பு வைத்தது. ஆர்சனிக், காட்மியம், தாமிரம், ஈயம், பாதரசம், மாலிப்டினம், நிக்கல், செலினியம், துத்தநாகம் உள்ளிட்டவற்றுக்கும் வரம்பு வைத்தது. பி.எஃப்.ஏ.எஸ். அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தச் சேர்மங்களைத் தயாரித்த 3எம் நிறுவனம், தன் தொழிலாளர்களின் இரத்தத்தில் இவை சேர்வதை 1970-களிலேயே அறிந்திருந்தது. கசடுக்கு உரிமம் கொடுத்த அலுவலருக்கோ, அதை வாங்கிய உழவருக்கோ அது தெரியாது. பட்டியலில் உள்ளதை அளந்தார்கள். வரம்புக்குள் இருந்தது. கையெழுத்துப் போட்டார்கள். லாரி வயலுக்குப் போனது.

2016-ல் தெற்கு மெய்னின் அருண்டெல் என்ற ஊரில், ஒரு பால் பண்ணையை ஒட்டியிருந்த பொதுக் கிணற்றில் பி.எஃப்.ஏ.எஸ். இருப்பதைக் குடிநீர் வாரியம் கண்டது. தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த பண்ணை அது. 1980-கள் முதல் ஆண்டுக்கணக்கில் அங்கே உரிமத்தோடு கசடு இட்டிருந்தார்கள். பண்ணையின் மண்ணில் இருந்தது, புல்லில் இருந்தது, பாலிலும் இருந்தது. அந்த உழவர் பாலைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்தினார். நெடுங்காலம் நடந்த பண்ணை முடங்கியது.

மாநில அரசு, கடைகளில் விற்கும் பாலைச் சோதிக்கத் தொடங்கியது. சோதனையில் கிடைத்த தடயத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது, மாநிலத்தின் நடுப்பகுதியிலுள்ள ஃபேர்ஃபீல்டு ஊரில் இன்னொரு பண்ணை அகப்பட்டது. மெய்ன் மாநிலம் பாலுக்கு வைத்திருந்த எல்லை லிட்டருக்கு 210 நானோகிராம் பி.எஃப்.ஓ.எஸ். அந்தப் பண்ணையின் ஒரு மாதிரியில் இருந்தது 32,200. ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோகிராம். அவ்வளவு நுண்ணிய அளவில் ஏன் பதற வேண்டும் என்று கேட்கலாம். நம் உடலில் பி.எஃப்.ஓ.எஸ். பாதியாகக் குறையவே ஆண்டுகள் பிடிக்கும். தினம் ஒரு குவளை பால் குடிக்கும் குழந்தையின் உடலில் அது சேர்ந்துகொண்டே போகும்.

இந்தச் சேர்மங்களின் கேடு ஊகமாகச் சொல்லப்படுவதில்லை. மேற்கு வர்ஜீனியாவில் டூபாண்ட் ஆலையைச் சுற்றியிருந்த சுமார் 69,000 பேரின் உடல்நலமும் இரத்தமும் நீதிமன்றத் தீர்வு ஒன்றின் வழியாக ஆராயப்பட்டன. சிறுநீரகப் புற்று, விரைப் புற்று, தைராய்டு நோய், குடற்புண் அழற்சி, கர்ப்பகால இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகுகொழுப்பு ஆகிய ஆறுக்கும் பி.எஃப்.ஓ.ஏ.-வுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று அறிவியல் குழு 2012-க்குள் முடிவு சொன்னது. 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பி.எஃப்.ஓ.ஏ.-வை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் வைத்தது.

மெய்னின் யூனிட்டி என்ற சிற்றூரில் நடந்ததை நீங்கள் மறக்கக் கூடாது. ஓர் இளம் தம்பதி 2014-ல் அங்கே நிலம் வாங்கி இயற்கை வேளாண்மை செய்தார்கள். காய்கறியும் தானியமும் விளைவித்தார்கள். அவர்கள் கையால் நிலத்தில் எந்த நஞ்சும் விழவில்லை. 2021-ன் இறுதியில்தான் தங்கள் நிலத்தில் 1990-களில், அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கசடு இடப்பட்டிருந்தது அவர்களுக்குத் தெரியவந்தது. கிணற்று நீரைச் சோதித்தார்கள். குடிநீரில் பி.எஃப்.ஏ.எஸ்.-க்கு மாநிலம் வைத்திருந்த வரம்பு லிட்டருக்கு 20 நானோகிராம். அவர்கள் குடித்துவந்த தண்ணீரில் சுமார் 8,000. உடனே விற்பனையை நிறுத்தினார்கள். தங்கள் விளைச்சலை வாங்கியவர்களுக்குத் தாங்களே தகவல் சொன்னார்கள். ஒளிக்காமல் மாநிலச் சட்டமன்றத்தின் முன் போய் நின்று சொன்னார்கள்.

செல்வங்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முப்பது ஆண்டுக்கு முன் எந்த நிலத்தில் கசடு இட்டார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? மெய்ன் மாநிலம் கசடு இட உரிமம் கொடுத்தபோது இடத்தையும் பதிவு செய்து வைத்திருந்தது. யாரோ ஒரு கீழ்நிலை அலுவலர் அலுப்பு பாராமல் எழுதிவைத்த அந்தக் கோப்புதான் 2021-ல் கைகொடுத்தது. அதை வைத்துத்தான் 700-க்கும் மேற்பட்ட இடங்களில் மண்ணையும் நீரையும் சோதிக்க மாநிலம் சட்டம் இயற்றியது. பதிவு இல்லாத ஊரில் இதே நஞ்சு இருந்தாலும் தேட வழியில்லை.

2022-ல் கசடை வயலில் இடுவதை மெய்ன் முற்றிலும் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அது. பாதிக்கப்பட்ட உழவர்களுக்கு 6 கோடி டாலர் நிதி ஒதுக்கியது. நிலத்தை இழந்தவருக்கு ஈடு, வருமானம் இழந்தவருக்கு ஆதரவு, இரத்தப் பரிசோதனை, ஆராய்ச்சி எல்லாம் அதில் அடக்கம். வேளாண் வல்லுநர்கள் பண்ணை பண்ணையாகப் போய் எந்தத் துண்டில் எவ்வளவு என்று அளந்தார்கள். இலையில் ஏறும் அளவுக்கு இந்தச் சேர்மங்கள் தானியத்தில் ஏறுவதில்லை என்பதால் கீரையைத் தூய மண்ணுக்கு மாற்றச் சொன்னார்கள். கறவை மாடுகளுக்கு வெளியிலிருந்து தூய தீவனம் வாங்கிக் கொடுத்தார்கள். சில மாதங்களில் பாலில் அளவு இறங்கியது. பண்ணைகள் பல மீண்டன. மண்ணை அறிந்தவர் பக்கத்தில் நின்றால் உழவர் பிழைத்துக்கொள்வார் என்பதற்கு இது சான்று. அந்தப் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் நீங்கள்.

தடையோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. வயலுக்குப் போகாத கசடு குப்பைமேட்டுக்குப் போனது. ஈரக் கசடு அளவுக்கு மீறிச் சேர்ந்ததால் மேடு சரியும் நிலை வந்தது. 2023-ல் கசடை லாரிகளில் எல்லை தாண்டிக் கனடாவுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. நகராட்சிகளின் செலவு ஏறியது. கடைசி வாசலை அடைத்தால் மட்டும் போதாது. முதல் வாசலிலேயே மறிக்க வேண்டும்.

மிச்சிகன் மாநிலம் அதைச் செய்து காட்டியது. 2018 முதல், ஆலைக் கழிவை ஏற்கும் சுத்திகரிப்பு நிலையங்களை அழைத்து, உங்கள் சாக்கடையில் இதைக் கலப்பது யார் என்று தேடச் சொன்னது. விக்ஸம் என்ற ஊரில் தேடியபோது ஒரு முலாம் பூசும் ஆலை அகப்பட்டது. ஆலையின் வெளியேற்றக் குழாயில் கரி வடிகட்டி வைத்தார்கள். நகர நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் பி.எஃப்.ஓ.எஸ். 99 விழுக்காடு குறைந்தது. புதிய கண்டுபிடிப்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஒருவர் கேள்வி கேட்டார், சாக்கடையின் வழியே பின்னோக்கி நடந்தார், அவ்வளவுதான். மண்ணில் பரவியபின் மீட்பதற்கோ இன்றுவரை எளிய வழி கிடையாது.

நம் நிலைக்கு வருகிறேன். நகரக் கழிவு உரத்துக்கு நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 தர அளவுகள் வைத்திருக்கிறது. ஆர்சனிக், காட்மியம், குரோமியம், தாமிரம், பாதரசம், நிக்கல், ஈயம், துத்தநாகம் என்ற பட்டியல் அதில் உண்டு. அமெரிக்கா 1993-ல் வைத்த பட்டியலின் சாயல் இது. குடிநீருக்கான இந்தியத் தர அளவின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் பி.எஃப்.ஏ.எஸ்.-க்கு வரம்பு இல்லை. சென்னையில் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் செம்பரம்பாக்கம் ஏரியிலும் இவை இருப்பதைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். நீர் ஒட்டாத துணி, உலோக முலாம், தோல் பதனிடுதல் ஆகியவை உலகெங்கும் இச்சேர்மங்கள் பயன்பட்டுவந்த தொழில்கள். மூன்றும் நம் மாநிலத்தில் நடக்கின்றன. யாரையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. அளக்கும் வேலை நம் முன்னே கிடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு மதிப்பீடு, கசடில் ஒரு கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் பி.எஃப்.ஓ.ஏ. அல்லது பி.எஃப்.ஓ.எஸ். இருந்தாலே, அந்தப் பண்ணையின் நீரையும் பாலையும் முட்டையையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு ஆபத்து எல்லை தாண்டலாம் என்றது. 1993-ன் விதி வந்து 32 ஆண்டு கழித்து இந்தக் கணக்கு வந்தது. உழவர்கள் அதற்குள் கடனும் நோயும் சுமந்துவிட்டார்கள்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, எந்த அறிக்கையில் கையெழுத்திட்டாலும் எதை அளந்தோம் என்பதோடு எதை அளக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். “பாதுகாப்பானது” என்ற ஒற்றைச் சொல்லை உழவரிடம் கொடுத்துவிட்டு நகராதீர்கள். அவருக்கு முழு விவரமும் தெரியட்டும். முடிவை அவர் எடுக்கட்டும்.

இரண்டாவது, பதிவு செய்யுங்கள். எந்த நிலையத்தின் கசடு, எந்த லாரியில், எந்தச் சர்வே எண்ணுக்கு, எத்தனை டன், எந்த நாளில் போனது என்று எழுதிவையுங்கள். இன்று அது வெட்டி வேலையாகத் தெரியும். முப்பது ஆண்டு கழித்து உங்கள் முகம் அறியாத ஒரு குடும்பத்தின் கிணற்றை அது காப்பாற்றும்.

மூன்றாவது, குழாயின் மேல்முனைக்குப் போங்கள். வயலில் நஞ்சைக் கண்டால் உழவரை நோக்கி விரல் நீட்டாதீர்கள். நஞ்சைத் தயாரித்தவரையும் கலந்தவரையும் தேடிப் பிடியுங்கள். செலவை அவர்கள் ஏற்கும்படி செய்யுங்கள். யூனிட்டியின் அந்தத் தம்பதி எந்தத் தவறும் செய்யாமல் நிலத்தை இழந்தார்கள். அப்படி ஒரு தண்டனை நம் ஊரில் எந்த உழவருக்கும் விழக் கூடாது.

நகரத்தின் கழிவு நிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற கருத்தை நான் கைவிடச் சொல்லவில்லை. நஞ்சு கலக்காத கழிவு திரும்பட்டும். அதற்குக் காவல் நிற்கும் அறிவை இந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்குத் தந்திருக்கிறது. துணிவு உங்களிடமிருந்து வர வேண்டும். மேலதிகாரி அவசரப்படுத்துவார், ஒப்பந்தக்காரர் நச்சரிப்பார், பட்டியலில் இல்லாததை ஏன் கேட்கிறாய் என்பார்கள். அப்போதும் கேளுங்கள். உங்கள் கையெழுத்தை நம்பி ஏர் பூட்டுகிறவருக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன் அது.

நீங்கள் நீடு வாழ வேண்டும். உங்கள் கையெழுத்து நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.