பழைய மோட்டாரின் கண்ணாடிச் சட்டம்



பழம்பொருளைப் புதுப்பித்தல் என்றால் யாது? எதனைக் காப்பது, எதனை மாற்றுவது என்று அறிந்து செய்யும் தொழிலே அது. திருவண்ணாமலையில் தேரைப் பழுதுபார்க்கும் தச்சர், உளுத்த மரத்தை அகற்றிப் புதுமரம் இணைப்பார். உறுதியான மரத்தைத் தொடமாட்டார். பழைய மோட்டார் வண்டிக்கும் இவ்விதி பொருந்தும்.

1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற வண்டியில் முன்கண்ணாடி இல்லை. வேகம் பெருகப் பெருக, காற்றையும் புழுதியையும் தடுக்கக் கண்ணாடி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல வண்டிகளில் அதனைத் தாங்கியது பித்தளைச் சட்டமே.

அத்தகைய சட்டம் ஒன்றைச் செப்பனிடும் வேலையை, என் பழைய மாணவர் ஒருவரின் பட்டறையில் நான் கண்டதுண்டு. அவர் முதலில் சுத்தியலை எடுக்கவில்லை. ஒரு கயிற்றை எடுத்தார். எதிர்மூலைகள் இரண்டையும் குறுக்கே அளந்தார். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்பது நீங்கள் படித்த கணக்குத்தானே! அளவுகள் வேறுபட்டன, ஆகவே சட்டம் கோணியிருந்தது. கோணிய சட்டத்தில் கண்ணாடியைத் திணித்து முடுக்கினால், வண்டி குலுங்கும்போது அது விரிசலுறும்.

பித்தளை வளைய வளைய இறுகும் இயல்புடையது. எனவே வளைந்த இடத்தைக் காய்ச்சி இளக்கிய பின்னரே மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி நிமிர்த்தினார். இதனைச் செய்யாவிடில் உலோகத்தினுள் இழுவிசை தங்கிவிடும். அதன் தீங்கு பெரிது. ஆங்கிலேயர் ஆட்சியில், இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமே வெடிப்புற்றன. உள்ளே தங்கிய இழுவிசையும், லாயத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் சேர்ந்ததே காரணம் என 1921-இல் அறிஞர் விளக்கினர். ஆதலால் அம்மோனியா கலந்த மெருகு மருந்தை விலக்கி, நம் வீட்டுக் குத்துவிளக்கைப் போலவே புளியால் துலக்கி, நன்கு கழுவித் துடைத்தார். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும்.

பழைய கண்ணாடியை மட்டும் அவர் திரும்பப் பொருத்தவில்லை. அக்காலத்துச் சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தியாகச் சிதறும். 1903-இல் பிரெஞ்சு வேதியியலார் எடுவார் பெனெடிக்டஸ், கீழே விழுந்த ஒரு குடுவை உடைந்தும் சிதறாதிருப்பதைக் கண்டார். உள்ளே உலர்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்திருந்தது. இரு கண்ணாடிகளுக்கிடையே படலம் வைத்து ஒட்டும் முறை அதிலிருந்து பிறந்தது. 1909-இல் அவர் காப்புரிமை பெற்றார். அவ்வகைக் கண்ணாடியையே, விளிம்பில் ரப்பர் பட்டை வைத்து, மாணவர் பொருத்தினார்.

50 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் நடுவண் அரசு தனிப் பதிவு முறை வகுத்தது. உருவத்தைக் காப்பது நன்று. ஆயினும் அதன்பொருட்டு அமர்ந்து செல்வோரின் கண்ணையும் உயிரையும் பணயம் வைத்தல் ஆகாது. கோவையில் ஜி. டி. நாயுடு நினைவாக அமைந்த மோட்டார் அருங்காட்சியகத்திற்குச் செல்ல வாய்ப்புக் கிடைத்தால், வண்டிகளின் பளபளப்பைக் கண்டு திரும்பிவிடாதீர்கள். சட்டங்களின் மூலைகளையும் இணைப்புகளையும் நின்று பாருங்கள். நீங்கள் கற்ற கணக்கும் வேதியியலும் அங்கே உங்களுக்குத் துணைவரும்.