இரண்டு வாக்கு வித்தியாசம்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒன்பதாம் வகுப்பில் தேர்தல், அரசியல் கட்சிகள் பற்றிய பாடம் வரும்போது நமக்கு ஒரு சங்கடம் உண்டு. உதாரணத்துக்கு நம் ஊர்த் தொகுதியைக் கரும்பலகையில் எழுதினால் போதும், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "சார், நீங்க எந்தக் கட்சி?" என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வரும். மறுநாள் காலையில் ஒரு பெற்றோர் வந்து நிற்பார். அதனால் நம்மில் பலர் வரையறைகளை எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். நான் சில ஆண்டுகளாக வேறொரு வழியில் போகிறேன். நம் மாணவர்களுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று யாருமே இல்லாத ஒரு தொகுதியை எடுத்துக்கொள்கிறேன். அது ஸ்காட்லாந்தின் வடகிழக்கு ஃபைஃப்.

டே, ஃபோர்த் என்னும் இரு ஆறுகளின் கழிமுகங்களுக்கு நடுவே கடலை நோக்கி நீண்டிருக்கும் நிலம் அது. வயல்களும் மீனவர் ஊர்களும் நிறைந்தது. கோல்ஃப் விளையாட்டுக்குப் பேர்போன செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் இங்கேதான் இருக்கிறது. அந்நகரின் பல்கலைக்கழகம் 1413இல் தொடங்கியது. இப்பகுதியின் பழைய தொகுதியான கிழக்கு ஃபைஃபிலிருந்து 1886 முதல் 1918 வரை நாடாளுமன்றம் சென்றவர், பிரிட்டிஷ் பிரதமராக இருந்த லிபரல் தலைவர் ஆஸ்குவித். பெண்களுக்கு வாக்குரிமை தருவதை நெடுங்காலம் எதிர்த்தவர் அவர். பெண்கள் முதன்முதலாக வாக்களித்த 1918 பொதுத்தேர்தலில் இத்தொகுதியிலேயே தோற்றார். இரண்டையும் காரண காரியமாக முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். ஆனால் வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகளின் முகம் மலரும். பிற்காலத்தில் 1987 முதல் 2015 வரை மென்சீஸ் காம்ப்பெல் என்ற லிபரல் மரபுத் தலைவரிடம் இத்தொகுதி இருந்தது.

அதன் பிறகு நடந்த மூன்று பிரிட்டிஷ் பொதுத்தேர்தல்களின் முடிவுகளைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். முக்கியமான நான்கு கட்சிகள் மட்டும்:

2015: ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 18,523, லிபரல் ஜனநாயகக் கட்சி 14,179, கன்சர்வேடிவ் கட்சி 7,373, தொழிற்கட்சி 3,476.

2017: தேசியக் கட்சி 13,743, லிபரல் 13,741, கன்சர்வேடிவ் 10,088, தொழிற்கட்சி 4,026.

2019: தேசியக் கட்சி 18,447, லிபரல் 19,763, கன்சர்வேடிவ் 5,961, தொழிற்கட்சி 1,707.

2017 வரியைப் பார்த்ததும் வகுப்பில் சலசலப்பு எழும். வெறும் இரண்டு வாக்கு! திரும்பத் திரும்ப எண்ணிய பிறகே முடிவை அறிவித்தார்கள். வென்றவருக்கு வாக்களித்தவர்களில் ஒரே ஒருவர் மனம் மாறி லிபரலுக்குப் போட்டிருந்தால் இருவரும் 13,742. அப்படிச் சமநிலை வந்தால் பிரிட்டனிலும் குலுக்கல்தான், நம் நாட்டுச் சட்டத்திலும் குலுக்கல்தான்.

இந்த வியப்போடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக உடனே ஒரு கேள்வி கேட்பேன். 2015இல் 4,344 வாக்கில் தோற்ற லிபரல் கட்சி, 2017இல் இரண்டு வாக்குவரை நெருங்கி வந்ததே, அதற்கு எத்தனை வாக்கு கூடியிருக்கும்? நாலாயிரம், ஐயாயிரம் என்று பதில்கள் பறக்கும். கழித்துப் பார்க்கச் சொல்வேன். லிபரல் கட்சிக்கு 438 வாக்கு குறைந்திருக்கிறது. முதலிடத்தில் இருந்த கட்சி 4,780 வாக்கு இழந்ததால்தான் இடைவெளி மூடியது.

அடுத்தது இதைவிடச் சுவையானது. தேசியக் கட்சியின் 2015, 2019 எண்களை மட்டும் வட்டமிடுங்கள். 18,523, 18,447. வித்தியாசம் 76தான். முன்னதில் அமோக வெற்றி, பின்னதில் 1,316 வாக்கில் தோல்வி. ஏறக்குறைய அதே வாக்கு ஒருமுறை நாடாளுமன்றத்துக்கு அனுப்புகிறது, மறுமுறை வீட்டுக்கு அனுப்புகிறது. மற்றவர்கள் தமக்குள் எப்படிப் பிரிந்து நிற்கிறார்கள் என்பதே இங்கு முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

ஏன் அப்படிச் சேர்ந்தார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். 2014இல் ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், 45 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். தேசியக் கட்சி தனிநாடு கேட்பது. மற்ற மூன்றும் ஐக்கிய ராஜ்யத்தோடு இருக்க விரும்புபவை. 2019இல் கன்சர்வேடிவ், தொழிற்கட்சி இரண்டும் சேர்ந்து 6,446 வாக்கு இழந்தன. லிபரலுக்கு 6,022 கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றது கன்சர்வேடிவ் கட்சி, வெளியேறவே கூடாது என்றது லிபரல் கட்சி. அப்படியிருந்தும் கன்சர்வேடிவ் ஆதரவாளர் பலர், தம் வேட்பாளர் வெல்லப்போவதில்லை என்று கணக்குப் போட்டு லிபரலுக்கு வாக்களித்ததாகவே தோன்றுகிறது.

'தோன்றுகிறது' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே போடுகிறேன். வாக்கு இரகசியமானது. யாருடைய வாக்கு எங்கே போனது என்று இந்த அட்டவணை சொல்லாது. 2019இல் பதிவான மொத்த வாக்கும் கூடியிருக்கிறது, புதிதாக வந்தவர்களும் உண்டு. எண் எது, எண்ணிலிருந்து நாம் செய்யும் ஊகம் எது என்று பிரித்துக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை. 2024 தேர்தலில் லிபரல் கட்சி பெரிய வித்தியாசத்தில் வென்றது. ஆனால் அதற்குள் தொகுதியின் எல்லை மாறிவிட்டது. அதனால் அந்த எண்களை இவற்றின் கீழே நான் எழுதுவதில்லை.

ஒருமுறை ஒரு மாணவி, "அப்போ தோத்தவங்களுக்குப் போட்ட ஓட்டெல்லாம் வீண்தானா சார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. 2017இல் வென்றவருக்கு 13,743. மற்ற மூன்று கட்சிகளுக்கும் சேர்த்து 27,855. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். நம் மக்களவைத் தேர்தலும் இதே முறைதான் என்பதால் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

1999இல் தொடங்கிய ஸ்காட்லாந்தின் சொந்த நாடாளுமன்றம் இதற்கு ஒரு விடை தேடியிருக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று மண்டலத்தில் ஒரு கட்சிக்கு. 129 இடங்களில் 73 தொகுதி இடங்கள், 56 மண்டல இடங்கள். தொகுதிகளில் அதிகம் வென்ற கட்சிக்கு மண்டல இடம் கிடைப்பது கடினமாகும்படி வகுத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கான 2015 தேர்தலில் ஸ்காட்லாந்தின் பாதி வாக்கைப் பெற்ற தேசியக் கட்சிக்கு 59இல் 56 இடம் கிடைத்தது. அதே கட்சி 2016 ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் 59 தொகுதிகளை வென்றும் மண்டல இடம் நான்குதான் பெற்றது. மொத்தம் 63, பெரும்பான்மைக்கு இரண்டு குறைவு. இந்த முறையில் யாருக்கும் குறையே இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு வாக்குச் சீட்டு சிலரைக் குழப்பத்தான் செய்யும்.

அந்த 2016 தேர்தலிலிருந்து அங்கே 16 வயதிலேயே வாக்களிக்கலாம். "அப்போ பதினொன்னாம் வகுப்பு அண்ணன்கள் எல்லாம் ஓட்டுப் போடலாமா?" என்று கேட்டுவிட்டு, வகுப்பே வெளியே எட்டிப் பார்க்கும்.

இதற்கு இரண்டு பாடவேளை போதும். முதல் நாள் அட்டவணை. மறுநாள் விளையாட்டு வேளையில் என்ன விளையாடுவது என்று கபடி, கோகோ, எறிபந்து, சதுரங்கம் நான்கையும் நிறுத்தி வாக்கெடுப்பு நடத்துங்கள். பிறகு எறிபந்தைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டு, அதே மாணவர்களை மீண்டும் வாக்களிக்கச் செய்யுங்கள். எறிபந்துக்குப் போட்டவர்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் கணித ஆசிரியரையும் கூட்டிக்கொள்ளுங்கள். 2017இல் நான்கு கட்சிகளின் கூட்டுத்தொகை 41,598. அதில் 13,743 எத்தனை சதவீதம் என்பதை மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும்.