ஆடுவது ஒருவர், வெல்வது எண்மர்



சில நாட்களுக்கு முன்பு உறவினர் வீட்டு விசேஷத்திற்காக ஒரு தோட்டத்திற்குப் போயிருந்தேன். மாலையில் சாப்பாட்டிற்குப் பிறகு எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடியிருந்தோம். அதில் ஓர் இளம்பெண் பனிக்கட்டித் தரையின் மேல் தன்னந்தனியாகச் சுழன்று ஆடிக்கொண்டிருந்தாள். திரையின் ஓரத்தில் குழுப் போட்டி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துச் சிறுமி, "தாத்தா, ஆடுறது ஒருத்திதானே? அப்புறம் இது எப்படிக் குழுவாகும்?" என்று கேட்டாள். அங்கே ஏதோ ஒரு பதிலைச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு உரிய பதிலை இன்று உங்கள் எல்லாருக்குமாகச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்த விளையாட்டிற்கு ஃபிகர் ஸ்கேட்டிங் என்று பெயர். காலணியின் அடியில் நீளவாக்கில் ஓர் எஃகுத் தகடு பொருத்தியிருப்பார்கள். அதன் கனம் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர்தான். அந்தத் தகட்டின் மேல் நின்றுகொண்டு பனித்தரையில் சறுக்கி, துள்ளி, சுழன்று, இசைக்கு ஏற்ப ஆடவேண்டும். ஃபிகர் என்றால் உருவம். முற்காலத்தில் ஆட்டக்காரர் தம் காலடித் தகட்டினால் பனியின் மேல் எட்டு போன்ற உருவங்களைப் பிசகாமல் கீறிக் காட்டவேண்டும். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. 1990-க்குப் பிறகு அந்தப் பகுதியை உலகப் போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் நான்கு பிரிவுகள் உள்ளன. ஆண் ஒருவர் தனியாக ஆடுவது ஒன்று. பெண் ஒருவர் தனியாக ஆடுவது மற்றொன்று. மூன்றாவது, ஜோடி ஆட்டம். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவார்கள். ஆண் பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டே சறுக்குவார். சில வேளைகளில் அவளை வீசியும் எறிவார். அவள் காற்றில் சுழன்று ஒற்றைக் காலில் வந்து இறங்குவாள். பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். நான்காவது, பனி நடனம். அதிலும் ஆணும் பெண்ணும்தான். ஆனால் தலைக்கு மேலே தூக்குவதும் வீசி எறிவதும் கிடையாது. கால் வேலையும் தாளமும்தான் அங்கே முக்கியம்.

இனி, சிறுமியின் கேள்விக்கு வருவோம். பூப்பந்தில் தாமஸ் கிண்ணம் உங்களுக்குத் தெரியும். 1949, 1952, 1955 ஆண்டுகளில் மலாயாவும், பிறகு 1967, 1992 ஆண்டுகளில் மலேசியாவும் வென்ற கிண்ணம் அது. மூன்று ஒற்றையர் ஆட்டம், இரண்டு இரட்டையர் ஆட்டம் என்று ஐந்து நடக்கும். மூன்றை வென்ற நாடு ஜெயித்ததாகும். திடலில் நிற்பவர் ஒருவரோ இருவரோதான். என்றாலும் அது நாட்டின் ஆட்டம். பனித்தரைக் குழுப் போட்டியும் ஏறக்குறைய அப்படித்தான். கணக்கில்தான் வித்தியாசம்.

ஒலிம்பிக்கில் இந்தக் குழுப் போட்டி முதன்முதலாக நடந்தது 2014-இல், ரஷ்யாவின் சோச்சி நகரில். பத்து நாடுகள் கலந்துகொள்ளும். நான்கு பிரிவுக்கும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஆள் இறங்கவேண்டும். ஒரு பிரிவில் முதலாவதாக வந்தவருக்குப் பத்துப் புள்ளி, இரண்டாமவருக்கு ஒன்பது, இப்படியே இறங்கிப் பத்தாமவருக்கு ஒரு புள்ளி. முதலில் குறுகிய ஆட்டம். அதன் முடிவில் மேலே இருக்கும் ஐந்து நாடுகள் மட்டும் நீண்ட ஆட்டத்திற்குப் போகும். இரண்டிலும் கிடைத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். இடையில் இரண்டு பிரிவுகளில் ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவர் எவ்வளவு அற்புதமாக ஆடினாலும் அவரால் நாட்டிற்குக் கொண்டுவரக் கூடியது ஓர் ஆட்டத்திற்குப் பத்தே புள்ளிதான். ஆகவே ஒரே ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு நாடு வெல்ல முடியாது. ஜப்பானியர் இதைப் பட்டு அறிந்தார்கள். சோச்சியில் அவர்களுடைய யுசுரு ஹன்யு ஆண்கள் குறுகிய ஆட்டத்தில் முதலிடம் பெற்றுப் பத்துப் புள்ளி வாங்கித் தந்தார். இருந்தும் ஜப்பானுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம். 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கிலும் அதே ஐந்தாம் இடம். காரணம், தனி ஆட்டத்தில் வல்லவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஜோடி ஆட்டத்திலும் பனி நடனத்திலும் ஆள் பலம் இல்லை.

அந்த ஜோடிப் பிரிவில் இரண்டு முறையும் ஆடியவர் ரியுயிச்சி கிஹாரா என்பவர். அவர் முதலில் தனியாக ஆடியவர். 2013-இல்தான் ஜோடி ஆட்டத்திற்கு மாறினார். சோச்சியில் ஒரு துணையுடனும் பியோங்சாங்கில் இன்னொரு துணையுடனும் ஆடினார். இரண்டு முறையும் பின்வரிசைதான். 2019-இல் ரிக்கு மியுரா என்ற பெண்ணுடன் சேர்ந்தார். மூன்றாம் முறையாக 2022-இல் பெய்ஜிங்கில் இறங்கியபோது அந்த இருவரும் நீண்ட ஆட்டத்தில் இரண்டாம் இடம் பெற்று ஒன்பது புள்ளி கொண்டுவந்தார்கள். ஜப்பான் முதன்முறையாகப் பதக்க வரிசைக்கு ஏறியது.

நம் மலேசியாவும் குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்டது 2018-இல்தான். அப்போது ஜூலியன் யீ என்ற இளைஞர் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆடினார். கடைத்தொகுதி ஒன்றினுள் அமைந்த பனித்திடலில் பழகி அவ்வளவு தூரம் போனவர். குழுப் போட்டிக்கு ஒருவர் போதாதே! அவர் தனி ஆட்டம் மட்டும்தான் ஆடினார்.

ஒலிம்பிக்கிற்கு வெளியே உலகக் குழுக் கிண்ணம் என்று ஒன்று 2009-இல் தோக்கியோவில் தொடங்கியது. அது ஜப்பானிலேயே நடந்துவருகிறது. ஆறு நாடுகள், ஒவ்வொரு நாட்டிற்கும் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரு ஜோடி, ஒரு நடன ஜோடி என்று எட்டுப் பேர். திடலின் ஓரத்தில் நாட்டுக்கொரு தடுப்புக்குள் குழுவினர் உட்கார்ந்து, வேடிக்கைத் தொப்பிகளும் கொடிகளுமாகக் கூச்சல் போடுவார்கள். தனிப் போட்டியில் முகம் இறுகி நிற்பவர்கள் அங்கே பிள்ளைகளாகிவிடுகிறார்கள். எனக்கென்னவோ ஒலிம்பிக்கைவிட இதைப் பார்ப்பதுதான் பிடிக்கிறது.

ஆனால் குழு என்றால் கூடிக் கொண்டாடுவது மட்டுமன்று. பெய்ஜிங்கில் நடந்ததைக் கேளுங்கள்.

2022 பிப்ரவரி 7-ஆம் தேதி போட்டி முடிந்தபோது ரஷ்யக் குழுவுக்கு 74 புள்ளி. அமெரிக்காவுக்கு 65. ஜப்பானுக்கு 63. கனடாவுக்கு 53. (பழைய ஊக்கமருந்துத் தண்டனை காரணமாக ரஷ்யர்கள் தங்கள் நாட்டுக் கொடியின் கீழ் ஆட முடியவில்லை, ரஷ்ய ஒலிம்பிக் குழு என்ற பெயரில் ஆடினார்கள்.) அவர்களுக்காகப் பெண்கள் பிரிவில் ஆடியவள் கமிலா வலியேவா. வயது பதினைந்து. காற்றில் நான்கு முறை சுழன்று இறங்கும் துள்ளலை ஒலிம்பிக்கில் செய்துகாட்டிய முதல் பெண் அவள்தான். இரண்டு ஆட்டத்திலும் முதலிடம், இருபது புள்ளி.

மறுநாள் ஒரு செய்தி வந்தது. டிசம்பர் 25-ஆம் தேதி ரஷ்ய தேசியப் போட்டியில் அவளிடம் எடுத்த பரிசோதனையில் டிரைமெட்டாசிடின் என்ற மருந்து இருந்ததாம். நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுக்கும் இதய மருந்து அது. விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்டது. பாட்டனாருடைய மருந்து எப்படியோ கலந்துவிட்டது என்று அவள் தரப்பில் சொன்னார்கள். பதக்க விழா நிறுத்தி வைக்கப்பட்டது. தனிப் போட்டியில் ஆட அவளுக்கு அனுமதி கிடைத்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் விழுந்து எழுந்து ஆடி நான்காவதாக வந்தாள்.

வழக்கு விளையாட்டு நடுவர் மன்றத்திற்குப் போயிற்று. 2024 ஜனவரி 29-ஆம் தேதி தீர்ப்பு. பாட்டனார் மருந்துக் கதை நிரூபிக்கப்படவில்லை, நான்காண்டுத் தடை, அந்த டிசம்பர் 25-இலிருந்து பெற்றதெல்லாம் ரத்து. இதய நோயாளியின் மருந்து பதினைந்து வயதுப் பிள்ளையின் உடம்புக்குள் எப்படிப் போயிற்று என்ற கேள்விக்குப் பெரியவர்கள் யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. தண்டனையை ஏற்றது பிள்ளை.

இனிக் கணக்கு. பிள்ளைகள் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். வலியேவா கொண்டுவந்த இருபது புள்ளியை 74-இலிருந்து கழித்தால் 54. அமெரிக்கா 65 தங்கம். ஜப்பான் 63 வெள்ளி. ரஷ்யக் குழு 54 வெண்கலம். கனடா 53, நான்காம் இடம். ஒரே ஒரு புள்ளி குறைவு.

கனடா கேட்டது இதுதான்: முதலாவதாக வந்தவரை எடுத்துவிட்டால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒரு படி மேலே ஏறவேண்டாமா? கனடாவின் மேடலின் ஷிசாஸ் என்ற பெண் இரண்டு ஆட்டத்திலும் மூன்றாவதாக வந்து எட்டும் எட்டும் வாங்கியிருந்தாள். ஒரு படி ஏறினால் ஒன்பதும் ஒன்பதும். 53 என்பது 55 ஆகும், வெண்கலம் கனடாவுக்கு. ஆனால் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் யாரையும் படி ஏற்றவில்லை. கனடா முறையிட்டது, நடுவர் மன்றம் அதையும் தள்ளிவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். வரிசையில் முன்னால் நின்றவரை விலக்கிய பிறகும் பின்னால் நின்றவரைப் பழைய இடத்திலேயே நிற்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஓட்டப் பந்தயத்தில் வேறு முறை. 2008 ஒலிம்பிக்கில் ஜமைக்காவின் நால்வர் அஞ்சல் ஓட்டத்தில் ஒருவர் ஊக்கமருந்து உட்கொண்டது பிற்பாடு தெரியவந்து, 2017-இல் நால்வரின் தங்கமும் பறிபோயிற்று. குற்றமில்லாத உசேன் போல்ட்டும் தம் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். பனித்தரையில் அவள் புள்ளி மட்டும் போயிற்று, குழு நின்றது. எது நியாயம் என்று வீட்டில் பேசிப் பாருங்கள்.

2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, போட்டி முடிந்து சரியாக இரண்டரை ஆண்டு கழித்து, பாரிஸ் நகரில் கோடைகால ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது, ஐஃபெல் கோபுரம் தெரியும் ஒரு திறந்த மேடையில் அமெரிக்கருக்குத் தங்கமும் ஜப்பானியருக்கு வெள்ளியும் அணிவித்தார்கள். பனித்தரையில் வென்றதை வெயில் காலத்தில் வாங்கினார்கள். ஜப்பானின் அந்த வெள்ளி எட்டுப் பேருக்கு உரியது. சோச்சியிலும் பியோங்சாங்கிலும் பின்வரிசையில் நின்ற கிஹாரா அந்த எண்மரில் ஒருவர்.

அந்தச் சிறுமி இன்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை தொலைக்காட்சியில் இந்தப் போட்டி வந்தால், ஆடுபவளைப் பார்த்த பிறகு திடலின் ஓரத்தில் இருக்கும் தடுப்பையும் பாரம்மா. அங்கே எழுந்து நின்றுகொண்டிருப்பவர்கள்தான் நீ கேட்ட குழு.