தெருவுக்கு வரைந்த சித்திரம்

(ஆலைத் தொழிலாளர் படிப்பகத்தில் நிகழ்த்திய பேச்சு)

சினிமாச் சுவரொட்டி என்றதும் நம் கண்முன் என்ன வருகிறது? கதாநாயகனின் முகம், பனை உயரத்துக்கு! கதை என்ன என்று அது சொல்லாது. டிக்கெட் வாங்கு என்று மட்டும் சொல்லும்.

கியூபாவில் நடந்ததைக் கேளுங்கள். 1959 ஜனவரியில் பாடிஸ்டாவின் கொடுங்கோலாட்சி வீழ்ந்தது. மார்ச் மாதமே புரட்சி அரசு ஒரு திரைப்படக் கழகத்தை நிறுவியது. இகாயிக் என்பது அதன் சுருக்கப் பெயர். அதுவரை ஹவானாவின் கொட்டகைகளில் ஹாலிவுட்டின் ராஜ்யம்தான்.

கழகம் படம் எடுத்தது; பல நாட்டுப் படங்களையும் தருவித்தது. வெளிநாட்டுப் படமானாலும் சுவரொட்டியைத் தன் ஓவியர்களைக் கொண்டே புதிதாக வரைந்தது. வசூலைக் கணக்குப் பார்க்கும் முதலாளி தலைமேல் இல்லை. எனவே நட்சத்திர முகமும் கட்டாயமில்லை. படத்தின் உட்பொருளை ஓவியர் ஒரே சித்திரத்தில் பிடித்தார்.

1962-ல் அமெரிக்க ஏகாதிபத்தியம் முழு வர்த்தகத் தடை விதித்தது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு, மைக்கும் தட்டுப்பாடு. அங்கே கைகொடுத்த தொழில், துணிக்கு அச்சடிக்கும் நம் தோழர்களுக்குத் தெரிந்த ஸ்கிரீன் அச்சுதான். சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டுவது. மை போகக் கூடாத இடத்தை அடைப்பது. ரப்பர் பட்டையால் மையைத் தள்ளுவது. ஒரு வர்ணம் காய்ந்த பின்புதான் அடுத்த வர்ணம். 76-க்கு 51 சென்டிமீட்டர் தாளில், எல்லாம் கைவேலை! இருந்த வர்ணத்தைக் கொண்டே சொல்ல வந்ததைச் சொன்னார்கள்.

சினிமாவையே காணாத மலைக்கிராமங்களுக்குக் கழகம் லாரியில் படக்கருவியை அனுப்பியது. லோஸ் முலோஸ் என்ற ஊரில் சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' காட்டப்பட்டது. இயந்திரத்தோடு ஓடி அல்லல்படும் ஆலைத் தொழிலாளியின் கதை அது. அந்த இரவை ஒக்டாவியோ கோர்த்தசார் 1967-ல் 'முதல் தடவையாக' என்ற குறும்படமாக்கினார். அதன் சுவரொட்டிக்கு முனியோஸ் பாக்ஸ் என்ற ஓவியர் வரைந்தது யாரை? அந்தச் சாப்ளினையே!

1991-ல் சோவியத் யூனியன் சிதைந்த பின் காகிதம் மேலும் அருகியது, சுவரொட்டிகளும் குறைந்தன. பழையவற்றை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். தெருவில் வெயில் காய்ந்த தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்டது. அழியாமல் காப்பது நல்லதுதான். ஆனால் அதன் மதிப்பைக் கண்டவர்கள் அவர்களே என்று யாரும் சொல்ல வேண்டாம். கரும்பு வெட்டுபவனும் பஸ்ஸுக்கு நின்றவளும் அதை முதலில் பார்த்தார்கள்.

"பாட்டாளிக்கு உயர்ந்த கலை எதற்கு, மலிவுச் சரக்கு போதாதா?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஹவானாவின் தெருக்கள் பதில் சொல்லிவிட்டன.

தோழர்களே! நாமும் பசை வாளியோடு இரவில் சுவர் தேடிப் போகிறவர்கள்தான். நாம் ஒட்டும் தாளைக் காலை ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி ஒரு நொடி நின்று பார்ப்பான். அவன் கண்ணையும் அறிவையும் மதித்து அந்தத் தாளை எழுதுவோம்!