நீரும் விலையும் நீதியும்



நம் காரைக்குடி முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தில் 1931-ஆம் ஆண்டு ஆதிக்கச் சாதியினர் நம்மீது விதித்த தடைகளுள் ஒன்று, நம் பெண்கள் மண்குடத்திலன்றிச் செம்பு, பித்தளைக் குடங்களில் நீர் சுமக்கலாகாது என்பது. பொதுக் கிணறும் குளமும் நமக்கும் உரியன என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924-லேயே சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றுவித்திருந்தார். எனினும், ஏட்டிலிருந்த உரிமை குடத்துக்கு வர நெடுங்காலம் போராட நேர்ந்தது.

இன்று பல வீடுகளுக்குக் குழாயில் நீர் வருகிறது. கட்டணமும் உடன் வருகிறது. நீர் வழங்கும் உள்ளாட்சி மன்றமே அக்கட்டணத்தையும் விதிக்கிறது. வழங்குபவரே விலைக்கும் நீதிபதியானால், கூலிக் குடும்பம் யாரிடம் முறையிடும்?

மின்சாரத்துக்கு 1999 முதல் தனி ஒழுங்குமுறை ஆணையம் உண்டு. 2022-இல் கட்டண உயர்வுக்கு முன் அது மதுரையிலும் மக்கள் கருத்தைக் கேட்டது. கட்டணம் உயரவே செய்தது. ஆயினும் மின்வாரியம் தன் கணக்கை மக்கள்முன் வைக்க வேண்டியதாயிற்று. குடிநீரிலும் இது இயலும். ஸ்காட்லாந்தில் நீர் வழங்குவது அரசு நிறுவனமே. எனினும் கட்டண வரம்பை வரையறுப்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தனி ஆணையம்.

அத்தகைய ஆணையத்தை இங்கும் நாம் கோருவோம். ஆனால், எந்த ஆணையத்தின் முன்னும் கணக்கறிந்து பேசுவோர்க்கே செவி கிடைக்கும். ஆகவே இளைஞர்களே, உள்ளாட்சியின் வரவு செலவைப் படியுங்கள். நம் தெருவுக்கு நீர் எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது, செலுத்திய பணம் எங்கே செல்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். நாம் பெற்ற கல்வி நம் தெருவுக்குப் பயன்படட்டும்.